வேலை பட்டணத்தில், குடியிருப்பு எல்லையில்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர் வீடு பிடித்த வரலாறு

பிழைப்புக்காக வெளி மாநிலம் போகிற தமிழனுக்கு முதல் கேள்வி வேலை. இரண்டாவது கேள்வி வீடு. வேலை எங்கே என்பதை முதலாளியோ சந்தையோ முடிவு செய்துவிடும். வீடு எங்கே என்பதை நாம்தான் முடிவு செய்யணும். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்த நம்மவர்கள் இன்றைக்கும் கேட்கிற கேள்வி இதுதான்: "நகரத்துக்குள்ளேயே வாடகைக்கு இருப்பதா, நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கம் வீடு பார்த்துக்கொண்டு தினமும் போய் வருவதா?"

இது ஏதோ இந்தத் தலைமுறையின் கவலை என்று நினைக்க வேண்டாம். சரித்திரத்தைப் புரட்டினால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பகுதி மக்கள் இதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும். நான் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். கடைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தவன். ஆகவே இதை ஒரு வியாபாரியின் கணக்காகவே எழுதுகிறேன்.

கால்நடைக் காலம்

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் சிதறால் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றுக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி இத்தலத்துப் பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது.

துறவிகளின் இருப்பிடத்தைப் பற்றி ஈண்டு ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சமண முனிவர் வண்டி ஏறமாட்டார், நடந்தே செல்வார். நாளுக்கு ஒரு வேளை ஊருக்குள் வந்து உணவு ஏற்க வேண்டும். ஆகவே அவர் தங்கும் குன்று ஊர்ச் சந்தடிக்குத் தள்ளியும் இருக்கணும், நடந்து போய் வரும் தூரத்திலும் இருக்கணும். தமிழ்நாட்டில் சமணக் குகைகள் பலவும் இப்படித்தான் அமைந்துள்ளன. இருப்பிடத்தைப் போக்குவரத்து முடிவு செய்தது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

இல்லறத்தாருக்கும் சமணத்தில் திக்விரதம் என்று ஒன்று உண்டு. கிழக்கே இவ்வளவு தூரம், மேற்கே இவ்வளவு தூரம், அதற்கு மேல் போகமாட்டேன் என்று எல்லை வகுத்துக்கொள்ளும் விரதம். ஆசைக்கு அளவு வைப்பது அதன் நோக்கம். தினசரிப் பயணத்தில் வாழ்நாளைக் கழிக்கும் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது என்பேன்.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்தினார். அங்கு வந்த தமிழ் வியாபாரிகள் கடைக்குப் பின்னாலேயோ மாடியிலேயோ குடியிருந்தார்கள். கோட்டை, சாலை, கரமனை என்று எல்லாம் ஒரு நடைக்குள் அடங்கின. சேசரே மார்க்கெட்டி என்னும் இத்தாலிய அறிஞர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த நாட்டு மனிதனும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரமே பயணத்துக்குச் செலவிட விரும்புகிறான் என்பது அதன் சாரம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் போக அரை மணி, வர அரை மணி. ஆகவே நடந்து வாழ்ந்த நகரம் நடுவிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் பரவாது என்று அவர் கணக்குப் போட்டார். கோட்டையிலிருந்து கரமனை ஆறு ஏறக்குறைய அந்தத் தூரந்தான்!

நெய்யாற்றின்கரைக்கு வடக்கே பாலராமபுரம். பாலராமவர்மா மகாராஜா காலத்தில், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், திவான் உம்மிணித்தம்பி தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே தெரு அமைத்துக் கொடுத்தார். நெசவாளிக்கு வீடு வேறு, வேலையிடம் வேறு கிடையாது. தறி வீட்டுக்குள்ளே, பாவு ஓடுவது வீட்டு வாசலிலே. பயண நேரம் பூஜ்யம். இடம் பெயர்ந்து வந்த தமிழரில் இப்படி ஒரு வசதி பெற்றவர்கள் குறைவு.

பாதை யாருக்கு?

தூரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் பாதையிலே எல்லாருக்கும் நடக்க உரிமை இல்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி பூட்டி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். அது வெறும் வண்டிப் பயணம் அன்று. பாதை அடைபட்டவனுக்கு நகரத்து வேலை கிடையாது; சந்தை கிடையாது; பள்ளிக்கூடம் கிடையாது. அவன் எங்கே குடியிருக்கணும் என்பதை வேறொருவன் முடிவு செய்தான். இன்று நாம் பஸ் பாஸ், ரயில் பாஸ் என்று பேசுகிறோம். அந்த வண்டிச் சக்கரம் உருண்ட பிறகுதான் இதெல்லாம் எல்லாருக்குமான பேச்சு ஆயிற்று.

பஸ் வந்தது

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் போக்குவரத்துத் துறை தொடங்கியது. அதன் ஆரம்ப வழித்தடம் திருவனந்தபுரம்-நாகர்கோவில். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை என்று வரிசையாக ஊர்கள் அந்த ஒரே சாலையில் கோர்த்தது போல அமைந்தவை. ஒருவனுடைய ஊர் சாலையின் மேலேயா, உள்ளே தள்ளியா என்பதே அவன் தலைவிதியை மாற்றியது. சாலையோரத்துக்காரன் தலைநகரில் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவு வீட்டுக்கு வரலாம். உள்ளூரான் நகரத்தில் அறை எடுத்துத் தங்கணும், சனிக்கிழமை ஊருக்கு வரணும்.

எல்லைக்கோடு

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்டு 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தவர்களின் தியாகமும் இதற்குப் பின்னால் உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்தையும் தமிழர் தரப்பு கேட்டது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது.

கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்தது. இஞ்சிவிளை இந்தப் பக்கம், களியக்காவிளை அந்தப் பக்கம். நடந்தே கடந்துவிடலாம். ஆனால் ரேஷன் கார்டு வேறு, வாக்குரிமை வேறு, பள்ளிப் பாடமொழி வேறு, கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கு வேண்டிய சான்றிதழ் வேறு. அதுவரை கிலோமீட்டர் கணக்குப் பார்த்து வீடு பிடித்த மக்கள், அன்று முதல் "நாம் எந்த மாநிலத்துக்காரர்?" என்று கேட்டு வீடு பிடிக்க வேண்டியதாயிற்று. அண்ணன் வீடு களியக்காவிளையிலும் தம்பி வீடு பாறசாலையிலும் இருந்தால், அவர்கள் பிள்ளைகள் வெவ்வேறு மாநிலத்துக்காரர்கள். கேரளம் 1969இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று இடம் தந்தது. இது நன்றியோடு குறிப்பிடத்தக்கது.

ரயிலும் பாஸும்

திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918இலேயே வந்துவிட்டது. தம்பானூர் நிலையம் 1931இல் திறந்தார்கள். ஆனால் தெற்கே தண்டவாளம் இல்லை. கன்னியாகுமரி வரையிலான பாதைக்கு 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979இல் ரயில் ஓடியது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை எல்லாம் ரயில் நிலையம் உள்ள ஊர்கள் ஆயின.

ரயில் வந்தால் வீட்டுக் கணக்கே மாறும் என்பது உலகறிந்த செய்தி. இங்கிலாந்தில் 1883இல் மலிவு ரயில் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, தொழிலாளருக்குக் குறைந்த கட்டணத்தில் வண்டி விடணும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தினார்கள். அதன்பின் லண்டனின் நெரிசலில் கிடந்தவர்கள் புறநகருக்குக் குடி போனார்கள். மும்பைத் தமிழர்கள் மாட்டுங்காவிலிருந்து செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்ததும் ரயில் பாதையை ஒட்டித்தான். நம் பக்கத்தில் அதே வேலையைச் செய்தது மாதாந்திர சீசன் டிக்கெட். அரசு ஊழியர், மாணவர், சாலைக் கடைச் சிப்பந்தி என எத்தனையோ பேர் பாறசாலையிலும் குழித்துறையிலும் குடியிருந்துகொண்டு காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்பினார்கள்.

மூன்று கணக்கு

வட ஆர்க்காட்டிலிருந்து அரிசி வியாபாரத்துக்காக நான் 1984இல் இங்கு வந்தேன். கடை சாலையில், வீடு பாறசாலைக்குப் பக்கத்தில். அன்று முதல் யார் யோசனை கேட்டாலும் மூன்று கணக்குச் சொல்வேன்.

முதலாவது ரொக்கக் கணக்கு. நகரத்தில் வாடகை அதிகம், எல்லையில் குறைவு. வித்தியாசத்திலிருந்து பயணச் செலவைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துபோகும். இதை எல்லாரும் போடுகிறார்கள்.

இரண்டாவது நேரக் கணக்கு. இதை யாரும் போடுவதில்லை. பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் சுமார் முப்பது கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி என்று வைத்தாலும், நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி நடப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி. போக வர மூன்று மணி. மாதம் இருபத்தைந்து நாளுக்கு எழுபத்தைந்து மணி. ஆண்டுக்குத் தொள்ளாயிரம் மணி, அதாவது முப்பத்தேழரை நாள். இரவும் பகலும் சேர்த்து ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் வண்டியிலேயே போகிறது. ரொக்கத்தில் மிச்சம் பிடித்ததை இந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு என்ன கூலிக்கு நம்மை நாமே விற்கிறோம் என்று தெரியும்.

எங்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சமண இல்லறத்தார் பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. கடை மூடி வண்டி பிடித்து வீடு சேரும்போது எட்டரை, ஒன்பது ஆகிவிடும். முப்பது வருஷத்துக்கு மேலாக என் இராச் சாப்பாடு என்பது கடையின் பின்கட்டில், ஐந்தரை மணிக்கு, டிபன் கேரியரில். பிள்ளைகளோடு உட்கார்ந்து மாலை உணவு உண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். "நாங்க உங்களைப் பாத்ததெல்லாம் தூங்கறப்பதாம்ப்பா" என்று என் மகள் இன்றும் சொல்வாள். நேரக் கணக்கில் இதற்கு எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

மூன்றாவது பிள்ளைக் கணக்கு. எல்லையோரத்தில் வீடு பிடித்ததால் என் பிள்ளைகள் தெருவில் தமிழ் கேட்டு வளர்ந்தார்கள். களியக்காவிளை போனால் தமிழ்ப் பத்திரிகை, தமிழ்ப் புத்தகம். பண்டிகைக்கு நம்ம சாமான். அவர்களுக்கு மலையாளமும் வரும், தமிழும் வரும். நகரத்தில் ஃபிளாட்டில் இருந்திருந்தால் என் பயணம் மிச்சமாகியிருக்கும். பேரப்பிள்ளைகள் இந்த மலரை வாசிப்பார்களா என்பது சந்தேகம். என் முப்பத்தேழரை நாளுக்கு ஈடாகக் கிடைத்த சரக்கு இதுவே. நட்டமா லாபமா என்று கேட்டால், எனக்குப் பாதி, பிள்ளைகளுக்கு முழுசு என்று சொல்வேன்.

இன்றைய நிலை

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் முடிந்தது. கோடு அழிந்துவிட்டது என்றே வியாபாரிகள் நினைத்தோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது அது மறுபடி எழுந்து நின்றது. இஞ்சிவிளையில் பாஸ் கேட்டார்கள். பயணிகள் ரயில் நின்றது. சீசன் டிக்கெட் செல்லாக்காசு ஆயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் வீடும் இந்தப் பக்கம் வேலையுமாக இருந்தவர்கள் தவித்தார்கள். கேரளத்துக்குள் பாறசாலையில் இருந்தவன் பாதி பிழைத்தான். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் களியக்காவிளையில் இருந்தவன் கடை திறக்க முடியவில்லை. தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் கற்பித்தது.

இப்போது கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புறவழிச் சாலை வந்துவிட்டது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஊருக்குள் நுழையாமலேயே தெற்கே வந்து சேரலாம். ரயிலில் இரட்டைப் பாதைப் பணியும் நடந்து வருகிறது. ஆகவே முன்பு கணக்குக்கு ஒத்துவராத ஊரும் இனி ஒத்துவரலாம்.

வெளி மாநிலத்தில் புதிதாகக் குடியேறும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பட்டணமானாலும் சரி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வாரம் அந்த ஊரிலிருந்து அலுவல் நேரத்தில் போய் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் பார்த்த தூரம் திங்கட்கிழமை பஸ்ஸில் வேறு மாதிரி இருக்கும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வண்டி நின்றுபோனால் மாற்று வழி என்ன என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தெருவில் என்ன மொழி காதில் விழும் என்றும் கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்துக்கொண்டு இந்த மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சாவி வாங்குங்கள்.