டியான் பிராஞ்ச்சை விட்ட வருடம்

இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால். ஓடிடாதீங்க, விதிமுறையெல்லாம் ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடுறேன். அதுக்கப்புறம் நாம பேசப்போறது ஆபீஸ் போற எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான்: ஒரு டீம்ல யாரை வச்சுக்கிறது, யாரை அனுப்புறது.

என்.எஃப்.எல். என்பது அமெரிக்காவின் தொழில்முறை லீக். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓரமாக நின்று, ஓடிப்போய் அந்தப் பந்தைப் பிடிப்பவர் வைடு ரிசீவர். நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறணும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சீசனுக்கு ஓர் அணியில் 53 பேர்தான். அதில் ரிசீவர்களுக்கு வழக்கமாக ஐந்து இடம், மிஞ்சிப்போனால் ஆறு. ஐ.பி.எல். ஏலத்தில் பர்ஸ் இருக்கிற மாதிரி இங்கேயும் ஒரு வரம்பு உண்டு, சேலரி கேப். 1994-ல் அதைக் கொண்டுவந்தபோது ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2006-ல் 10.2 கோடி. ஒருத்தருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருத்தருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். அவ்வளவுதான் விதிமுறை.

இப்போ கதை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், 2006.

அந்தச் சமயத்தில் லீக்கிலேயே புத்திசாலி அணி என்று பெயர் வாங்கியிருந்தவர்கள் இவர்கள். பயிற்சியாளர் பில் பெலிச்சிக், குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. 2001 முதல் 2004 வரையிலான நாலு சீசனில் மூன்று சூப்பர் பவுல். பெலிச்சிக்கின் பாணி எல்லாருக்கும் தெரியும்: ஒவ்வொரு வீரருக்கும் மனசுக்குள் ஒரு விலை வைத்திருப்பார், அந்த விலையைத் தாண்டினால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார். யாராக இருந்தாலும் சரி.

டியான் பிராஞ்ச் 2002 டிராஃப்டில் வந்தவர். டிராஃப்ட் என்றால் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நாள். இவர் இரண்டாம் சுற்றில், மொத்தத்தில் 65-வது ஆளாக எடுக்கப்பட்டார். ஆள் உயரம் கிடையாது. ஆனால் பெரிய மேட்ச் என்றால் வேறு ஆள். 2004 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் 10 கேட்ச், 143 யார்டு. அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான சூப்பர் பவுலில் 11 கேட்ச், 133 யார்டு. அந்த 11 அப்போதைய சாதனைக்குச் சமம். ஆட்ட நாயகன் விருது பிரேடிக்குப் போகவில்லை, இவருக்குத்தான் வந்தது.

இவருக்கும் பிரேடிக்கும் இருந்த புரிதலைக் கொஞ்சம் விளக்கணும். பேட்ரியாட்ஸ் முறையில் ரிசீவர் ஓட வேண்டிய பாதை முழுசாக முன்கூட்டியே முடிவாவதில்லை. எதிரே நிற்கிற டிஃபெண்டர் பின்வாங்கினால் பாதியிலேயே நின்று திரும்பு, நெருங்கி வந்தால் அவரைத் தாண்டி ஓடு. இந்த முடிவை ரிசீவர் ஓடிக்கொண்டே எடுக்கிறார். அதே நொடியில், இருபது கஜம் தள்ளி நிற்கிற பிரேடியும் அதே முடிவுக்கு வரணும். ஏன்னா ரிசீவர் திரும்புவதற்கு முன்னாடியே பந்து அவர் கையை விட்டுக் கிளம்பிடும். இருவரும் ஒரே மாதிரி படித்தால் கேட்ச். வேறு வேறு மாதிரி படித்தால், ஆளே இல்லாத இடத்தில் பந்து விழும், பார்க்கிறவர்கள் குவார்ட்டர்பேக்கைத் திட்டுவார்கள்.

இது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு பிற்கால உதாரணம். சாட் ஓச்சோசின்கோ, சின்சினாட்டியில் ஏழு சீசனில் 1000 யார்டைத் தாண்டியவர். 2011-ல் பேட்ரியாட்ஸ் அவரைக் கொண்டுவந்தது. அதே பிரேடி, அதே முறை. அந்த சீசன் முழுக்க அவர் பிடித்தது 15 பந்து.

சரி, 2006-க்குத் திரும்புவோம். பிராஞ்ச்சுக்கு ஒப்பந்தத்தில் கடைசி வருடம், அதற்கான சம்பளம் சுமார் 10 லட்சம் டாலர். சூப்பர் பவுல் ஆட்ட நாயகன், முந்தைய சீசனில் 998 யார்டு. புது ஒப்பந்தம் கேட்டார், கிளப் சொன்ன தொகை பிடிக்கவில்லை, பயிற்சி முகாமுக்கே வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில், 'வேறு அணிகளிடம் பேசிப் பாரு' என்று கிளப் அனுமதி கொடுத்தது. சியாட்டில் சீஹாக்ஸ் 6 வருடத்துக்கு 3.9 கோடி டாலர் தரத் தயாராக இருந்தது. செப்டம்பர் 10-ம் தேதி பேட்ரியாட்ஸ் சீசனின் முதல் மேட்ச்சை ஆடியது. மறுநாள், செப்டம்பர் 11, பிராஞ்ச் சியாட்டிலுக்குப் போய்விட்டார். பதிலுக்குக் கிடைத்தது 2007 டிராஃப்டில் ஒரு முதல் சுற்றுத் தேர்வு.

அதே வருடம் மார்ச்சில், பிராஞ்ச்சோடு சேர்ந்து ஆடிய இன்னொரு முக்கிய ரிசீவர் டேவிட் கிவன்ஸும் ஒப்பந்தம் முடிந்து டென்னசிக்குப் போயிருந்தார். ஆக முதல் இரண்டு இடமும் ஆறே மாசத்தில் காலி.

இங்கதான் எனக்கு இந்தக் கதை பிடிக்க ஆரம்பிச்சது. கணக்குப்படி பார்த்தால் கிளப் எடுத்த இரண்டு முடிவுமே சரி! கிவன்ஸுக்கு நவம்பரிலேயே முழங்காலில் மோசமான காயம். அதற்குப் பிறகு அவர் என்.எஃப்.எல்.-லில் ஆடவே இல்லை, டென்னசிக்காகப் பிடித்தது பத்துக்கும் குறைவான பந்துகள். பிராஞ்ச் சியாட்டிலில் நாலு வருடத்துக்கு மேல் இருந்தார், ஒரு சீசனில்கூட 1000 யார்டு எட்டவில்லை, பாதி நேரம் காயம். அந்தத் தொகையை பாஸ்டன் பக்கம் யாராவது கொடுத்திருந்தால் இன்றுவரை திட்டு வாங்கியிருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாக எடுத்து, 'இந்த ஆளுக்கு இந்த விலை தகுமா?' என்று கேட்டால், தகாது, அனுப்பியது சரி.

நம்ம பாஷையில் சொன்னால் யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ். இன்டக்ரேஷன் டெஸ்ட்டைத்தான் யாரும் ஓட்டவில்லை.

போனவர்களுக்குப் பதில் யார் வந்தார்கள்னு பாருங்க. சான் டியேகோவிலிருந்து ரீச்சி கால்ட்வெல். பிராஞ்ச் வந்த அதே 2002 டிராஃப்ட், அதே இரண்டாம் சுற்று, ஆனால் 48-வது இடம், அதாவது பிராஞ்ச்சுக்கு முன்னாடியே எடுக்கப்பட்டவர். அக்டோபரில் ஜபார் கேஃப்னி. அவரும் அதே சுற்று, 33-வது இடம். பெரிய நம்பிக்கையெல்லாம் புதுப்பையன் சாட் ஜாக்சன் மேல். 2006 டிராஃப்டில் அவரை எடுப்பதற்காக கிரீன் பே அணியிடம் தங்களுடைய இரண்டு தேர்வுகளைக் கொடுத்து 36-வது இடத்துக்கு முன்னேறினார்கள். ஜாக்சன் முதல் வருடத்தில் 13 கேட்ச், பிறகு காயம், சீக்கிரமே காணாமல் போனார். கைமாறிய 52-வது தேர்வில் கிரீன் பே எடுத்தது கிரெக் ஜென்னிங்ஸை. பின்னாளில் ஒரு சூப்பர் பவுலில் இரண்டு டச்டவுன் அடித்த அதே ஜென்னிங்ஸ். இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

இவர்களோடு பழைய ஆள் ஒருத்தர் இருந்தார், டிராய் பிரவுன். வயது 35. 1993 டிராஃப்டில் எட்டாம் சுற்று, 198-வது இடம். அடுத்த வருடம் டிராஃப்டையே ஏழு சுற்றாகக் குறைத்துவிட்டார்கள், அப்படிப்பட்ட ஒரு சுற்று! 1994-ல் அணியிலிருந்து நீக்கப்பட்டு, சில வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிடப்பட்டவர். 2001-ல் 101 கேட்ச் பிடித்தார். 2004-ல் அணியில் டிஃபெண்டர்கள் வரிசையாகக் காயப்பட்டபோது, 'நீ அந்தப் பக்கம் ஆடு' என்றார் பெலிச்சிக். ரிசீவராக இருந்த மனுஷன் எதிரணியின் பந்துகளைத் தடுக்கப் போய், மூன்றை இடைமறித்துப் பிடித்தார். விலைப்பட்டியலில் இந்த மாதிரி ஆளுக்கு எந்த வரியில் எண்ணைப் போடுவது? ரிசீவரா, டிஃபெண்டரா?

இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டே பேட்ரியாட்ஸ் 12 வெற்றி, 4 தோல்வி. பிரேடி என்றால் சும்மாவா. 2007 ஜனவரி 14, சான் டியேகோவில் பிளே-ஆஃப். சார்ஜர்ஸ் அந்த சீசனில் 14 வெற்றி, 2 தோல்வி. கடைசி ஆறு நிமிடம் சொச்சம், சார்ஜர்ஸ் 21, பேட்ரியாட்ஸ் 13. நாலாவது முயற்சி. பிரேடி எறிந்த பந்தை சார்ஜர்ஸ் வீரர் மார்லன் மெக்ரீ இடைமறித்துப் பிடித்துவிட்டார். கதை முடிஞ்சது. அவர் அப்படியே தரையில் படுத்திருந்தால் போதும்.

அவர் ஓடினார். பக்கத்தில் இருந்த டிராய் பிரவுன் ஒரு நொடியில் ரிசீவரிலிருந்து டிஃபெண்டராக மாறினார். மெக்ரீயின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். கீழே விழுந்த பந்தின் மேல் பாய்ந்து படுத்தவர் ரீச்சி கால்ட்வெல். பேட்ரியாட்ஸுக்குத் திரும்பவும் நாலு முயற்சி. அதில் கால்ட்வெல்லே டச்டவுன் பிடித்தார், கூடுதல் 2 புள்ளியும் கிடைத்தது, சமம். பிறகு கால்ட்வெல் 49 யார்டுக்கு ஒரு பந்து பிடித்தார், ஃபீல்ட் கோல், 24-21. 2004-ல் டிராய் பிரவுனை அந்தப் பக்கம் ஆடச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தட்டு வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரே ஒரு வாரம். அடுத்த ஞாயிறு இண்டியானபோலிஸில் கோல்ட்ஸுக்கு எதிராக அரையிறுதி மாதிரியான ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பவுல். ஒரு கட்டத்தில் 21-3 என்று முன்னிலை. பிறகு கோல்ட்ஸ் துரத்திப் பிடித்தது. நான்காம் கால்பகுதியில் ஒரு ஆட்டத்துக்கு அணிகள் வரிசையில் நிற்கும்போது, கால்ட்வெல்லைக் கவனிக்க கோல்ட்ஸில் ஆளே இல்லை. மறந்துவிட்டார்கள். அவர் எதிரே வெறும் புல். பிரேடி அதைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக எறிந்தார். பந்து கைக்கு வந்தது. கை நழுவியது. அன்றைக்கு அவருக்கு அது முதல் நழுவலும் இல்லை. கடைசி நிமிடத்தில் கோல்ட்ஸ் 38-34. அவர்கள் போய் சூப்பர் பவுலையும் ஜெயித்தார்கள்.

கால்ட்வெல் கண்ணை அகல விரித்து நிற்கிற அந்த டிவி காட்சி வருடக்கணக்கில் கிண்டலுக்கு ஆளானது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த சீசனில் அணியிலேயே அதிகம் பிடித்தவர் அவர்தான், 61 கேட்ச், 760 யார்டு. வேறொரு அணியில் மூன்றாவது ரிசீவராக வசதியாக இருந்திருக்க வேண்டியவரை முதல் ஆளாக நிறுத்தியது யார்? செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு முதல் தர ரிசீவரை விற்றால், அந்த இடத்துக்குக் கடையில் வாங்க ஆள் கிடையாது. நல்லவர்கள் எல்லாரும் அதற்குள் எங்கேயாவது ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். கையில் இருப்பது அடுத்த ஏப்ரலுக்கான ஒரு டிராஃப்ட் சீட்டு. அது ஜனவரியில் பந்து பிடிக்காது. பிராஞ்ச்சின் விலையில் பெலிச்சிக் தப்புப் பண்ணவில்லை, தேதியில் பண்ணினார். மார்ச்சில் கிவன்ஸ் போனபோதே பிராஞ்ச்சின் மதிப்பு கூடியிருக்கணும், அவர் கூடுதலாக ஒரு பந்தும் பிடிக்காமலேயே. அந்தக் கணக்கை கிளப் போட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் என்ன செய்தார்கள் என்பதே அதற்குப் பதில். 2007 மார்ச்சில் மயாமியிடம் இரண்டு தேர்வுகளைக் கொடுத்து வெஸ் வெல்கர். டிராஃப்டிலேயே யாரும் எடுக்காதவர், முதல் அணி ஒரே மேட்ச்சில் வீட்டுக்கு அனுப்பியவர். கூடவே டான்டே ஸ்டால்வொர்த். ஏப்ரலில் ஓக்லண்டிடம் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ராண்டி மாஸ். எல்லாம் முகாம் தொடங்குவதற்கு முன்னாடியே. வெல்கர் 112 கேட்ச். மாஸ் 23 டச்டவுன், லீக் சாதனை. பிரேடி 50 டச்டவுன். 16 மேட்ச், 16 வெற்றி. சீசன் தொடங்குமுன் கால்ட்வெல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அப்புறம் 2008 பிப்ரவரி, சூப்பர் பவுல், எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். லீக்கிலேயே தலைசிறந்த ரிசீவர் கூட்டம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஜயன்ட்ஸ் தங்கள் கடைசி ரிசீவர் இடத்தில் டேவிட் டைரீ என்பவரை வைத்திருந்தது. அவர் வேலை பந்து பிடிப்பதே இல்லை, உதை ஆட்டங்களில் ஓடிப்போய் எதிராளியை மறிப்பது. லீக் சுற்று முழுக்க அவர் பிடித்தது 4 கேட்ச். கடைசி நிமிடம் சொச்சத்தில் உயரே வந்த ஒரு பந்தை ஒற்றைக் கையால் தன் ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார், 32 யார்டு. சில ஆட்டம் கழித்து ஜயன்ட்ஸ் டச்டவுன் அடித்து 17-14 என்று ஜெயித்தது. டைரீ என்.எஃப்.எல்.-லில் பிடித்த கடைசிப் பந்து அதுதான்.

பிராஞ்ச் என்ன ஆனார்னு கேப்பீங்க. 2010 அக்டோபரில் மாஸை மினசோட்டாவுக்கு அனுப்பியது பேட்ரியாட்ஸ். சில நாளிலேயே சியாட்டிலுக்கு ஃபோன் போட்டு, ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு பிராஞ்ச்சைத் திரும்ப வாங்கினார்கள். முதல் சுற்றுக்கு விற்ற ஆள். வந்த முதல் மேட்ச், பால்டிமோருக்கு எதிராக: 9 கேட்ச், 98 யார்டு, ஒரு டச்டவுன். புதுசாக எதுவும் படிக்க வேண்டியிருக்கவில்லை, பிரேடி எங்கே எறிவார்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஜெர்சி எண் மட்டும் மாறியிருந்தது. பழைய 83 இப்போ வெல்கரிடம் இருந்தது, இவர் 84 போட்டுக்கொண்டு ஆடினார்.