ஸ்டாஃப் ஆனவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு "அவன் ஸ்டாஃப் ஆயிட்டான்" என்ற பேச்சு பழக்கமாக இருக்கும். அகராதியைப் பார்த்தால் எல்லோரும்தான் ஸ்டாஃப். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. மெஷினில் நிற்பவர் ஒர்க்கர். மேற்பார்வைக்குப் போனவர் ஸ்டாஃப். அவருக்குச் சட்டை நிறம் மாறும், கேன்டீனில் உட்காரும் மேசை மாறும். "ஆயிட்டான்" என்று சொல்லும்போது அதில் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் இரங்கலும் கலந்திருக்கும். பொறாமை புரிகிறது, பிரமோஷனுக்கு யாராவது இரங்குவார்களா என்று என் மகன் கேட்கிறான். அந்த இரங்கலுக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது.

முதலில் மேஸ்திரி. போர்த்துகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்ட சொல் இது. பழைய மில்களில் தொழிலாளியிலிருந்து மேலே போக ஒரே படி மேஸ்திரிதான். பரீட்சையும் இல்லை, நேர்முகத் தேர்வும் இல்லை. துரைக்கு வேண்டியவனாக இருந்தால் போதும். ஆள் எடுப்பது, நிறுத்துவது, லீவு கொடுப்பது எல்லாம் அவன் கையில். வேலை வேண்டுமென்றால் அவனுக்கு மாமூல் கொடுக்க வேண்டும். இதைத் தொழிலாளிகள் மட்டும் சொல்லவில்லை. 1929ல் அமைக்கப்பட்டு 1931ல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷனே, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து பிடுங்க வேண்டும், அதற்கென்று தனியாக லேபர் ஆபீசர் வைக்க வேண்டும் என்று எழுதியது. நம்மில் ஒருவன் மேலே போனால் நம் கழுத்துக்குத்தான் முதலில் கத்தி என்ற எண்ணம் அந்தக் காலத்தில் விதைத்தது.

இதற்கு நடுவில் 1918 ஏப்ரல் 27ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அழைத்துவந்து தலைவராக்கிய கதை பலருக்கும் தெரியும். பி அண்ட் சி மில்லில் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் மேலாளர்கள் நடத்திய விதமும் அன்றைய பெரிய குறைகள். நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அதிர்ச்சியில் தொடங்கிய முயற்சிதான் 1926ல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. சங்கம் வந்ததும் "நாம்", "அவர்கள்" என்ற கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது. மேஸ்திரி எந்தப் பக்கம் என்று சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கோட்டைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்தபோதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. தொழில் தகராறுகள் சட்டம் 1947 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்தது. உடல் உழைப்பு செய்கிறவரும் குமாஸ்தாவும் "ஒர்க்மேன்" என்றது. மேற்பார்வையாளரைப் பற்றிப் பேச்சே இல்லை. 1956 திருத்தத்தில்தான் தொழில்நுட்ப வேலையும் மேற்பார்வை வேலையும் உள்ளே வந்தன. கூடவே ஒரு கதவும் வைத்தார்கள்: மேற்பார்வை வேலை பார்ப்பவர் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவர் ஒர்க்மேன் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இடமில்லை. அந்த 500 ரூபாய் 1984 ஆகஸ்டில் 1,600 ஆனது. 2010 செப்டம்பரில் 10,000. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் தொகுப்பில் 18,000. நடுவில் இருபத்தாறு வருடம் 1,600 ரூபாயிலேயே நின்றதைக் கவனியுங்கள். 1990களில் இந்தப் பக்கத்தில் எந்த சூப்பர்வைசர் 1,600க்குள் வாங்கினார்? ஸ்டாஃப் ஆன அன்றே ஆள் அந்தக் கதவுக்கு வெளியே என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

வெளியே போனால் என்ன நஷ்டம்? ஒர்க்மேனை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று சட்டம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. டிஸ்மிஸ் செய்தால் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். ஸ்டாஃபுக்கு இருப்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள வரிதான்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம். அவ்வளவே.

இது நம் ஊர் விநோதம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் கார் தொழிற்சாலை ஃபோர்மேன்கள் 1941ல் தங்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். பேக்கார்ட் கம்பெனி வழக்கில் 1947 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஃபோர்மேனும் ஊழியர்தான், அவரும் சங்கமாகச் சேரலாம் என்றது. அந்த வெற்றி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஜூனில் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் சூப்பர்வைசர்கள் அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிட்டது. இங்கே நம் சட்டம் அமலான அதே வருடம். அங்கே சம்பள வரம்பு என்ற பேச்சுகூட இல்லை, ஒட்டுமொத்தமாக வெளியே. அதைப் பார்த்தால் நம் சட்டம் எவ்வளவோ தேவலை.

இவ்வளவு நஷ்டம் இருந்தும் ஆட்கள் ஏன் மேலே போக ஆசைப்பட்டார்கள்? பெண் பார்க்கப் போன இடத்தில் "சூப்பர்வைசர்" என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்று. ஐம்பது வயதில் நைட் ஷிஃப்டில் ஃபர்னஸ் முன்னால் நிற்க முடியாது என்பது இன்னொன்று. அப்படி மேலே போகிற வழியில் எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய ஏணி ஏ.எம்.ஐ.இ. பரீட்சை. 1920ல் தொடங்கி கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்துவது. காலேஜுக்குப் போகாமலே செக்ஷன் ஏ, செக்ஷன் பி என்று எழுதி முடித்தால் இன்ஜினியரிங் டிகிரிக்குச் சமம் என்று அரசே ஏற்றுக்கொண்டிருந்தது. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோவோடு மெஷினுக்கு வந்தவனுக்கு இது பெரிய வரம்.

ஆனால் படிப்பது யாருக்கும் தெரியக்கூடாது. சங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் "மேனேஜ்மென்ட் ஆள்" என்று பெயர் விழும். மேலே இருக்கிற சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் தன் நாற்காலிக்கு ஆள் வருகிறான் என்று பயப்படுவார், உடனே ஷிஃப்ட் மாற்றிப் போடுவார். கூடப் படிக்கிறவனுக்குத் தெரிந்தால் போட்டி. நான் மீஞ்சூரிலிருந்து காலை மின்ரயிலில் கும்மிடிப்பூண்டி போவேன். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டை தாண்டுவதற்குள் பத்துப் பக்கம் படிக்கலாம். புத்தகத்துக்கு பிரவுன் தாள் அட்டை. யாராவது கேட்டால் மச்சானுடைய புத்தகம், பைண்டிங்குக்குக் கொண்டுபோகிறேன் என்று பதில். எதிர் சீட்டில் ஒருவர் தினமும் "ராணி"க்குள் எதையோ வைத்துப் படிப்பார். அவரும் ஏ.எம்.ஐ.இ. என்பது ஒரு டிசம்பரில் சென்னையில் பரீட்சை ஹாலில் பார்த்தபோதுதான் தெரிந்தது. இருவருமே அன்றைக்குக் குலதெய்வம் கோயில் என்று லீவு போட்டிருந்தோம்.

எனக்கு ஸ்டாஃப் ஆர்டர் 1991ல் வந்தது. மறுநாள் சங்கத்து ஆள் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். என்னை எட்டு வருடமாக "என்னப்பா" என்று கூப்பிட்டவர். "உங்ககிட்ட இனிமே சந்தா வாங்கக்கூடாது சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த "சார்" காதில் ரொம்ப நாள் இருந்தது. அந்த மாதம் கையில் வந்த சம்பளம் முந்தைய மாதத்தைவிடக் குறைவு. தொழிற்சாலைகள் சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். ஆனால் மேற்பார்வைப் பதவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்கும் வழியும் அதே சட்டத்தில் இருந்தது. ஷிஃப்ட் முடிந்தும் நின்றேன், காசு கிடையாது.

இதைவிடப் பெரிய அடி மூன்று வருடம் கழித்து வரும். ஒர்க்கர்களுக்குச் சங்கம் பேசி 12(3) ஒப்பந்தம் போடும். அது ஸ்டாஃபுக்குப் பொருந்தாது. ஸ்டாஃபுக்கு நிர்வாகம் பார்த்துக் கொடுப்பதுதான் இன்கிரிமென்ட். ஒப்பந்தம் கையெழுத்தான மாதம், நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன் என்னைவிட நானூறு ரூபாய் அதிகம் வாங்கினான். வங்கியில் கிளார்க்காக இருந்த என் மைத்துனர் ஆபீசர் பிரமோஷனை எழுதிக் கொடுத்தே மறுத்தவர். வடக்கே தூக்கி அடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. என்னைப் பார்த்துத் தான் புத்திசாலி என்று அன்றைக்குச் சொல்லிச் சிரித்தார்.

என்னோடு ஆர்டர் வாங்கிய இன்னொருவருக்கு நடந்தது சிரிக்கும்படியானது அல்ல. 1996ல் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அவரை வெளியே அனுப்பினார்கள். லேபர் கோர்ட்டில் நிர்வாகம் சொன்ன முதல் வாதமே, இவர் சூப்பர்வைசர், 1,600க்கு மேல் வாங்குகிறார், இந்தக் கோர்ட்டுக்கு வரவே உரிமை இல்லை என்பதுதான். அவர் கையெழுத்துப் போட்ட லீவு சீட்டுகளைக் கட்டாகத் தாக்கல் செய்தார்கள்.

அவரைக் காப்பாற்றியது பழைய தீர்ப்புகள். பதவியின் பெயர் முக்கியமில்லை, நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார் என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. லாயிட்ஸ் வங்கி வழக்கில், மற்றவர் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பது மேற்பார்வை ஆகாது என்றது. 1969ல் ஆனந்த பஜார் பத்திரிகா வழக்கு இன்னும் பொருத்தமானது. வருங்கால வைப்பு நிதிப் பிரிவில் சில குமாஸ்தாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, அவர்கள் லீவுக்குச் சிபாரிசு செய்துவந்த ஒருவரை, மூத்த குமாஸ்தாவே தவிர மேற்பார்வையாளர் அல்ல என்று தீர்ப்பாயிற்று. எதிர்ப்பக்கமும் தீர்ப்பு உண்டு. 1994ல் கரோனா சாகு செருப்புக் கம்பெனியின் கடை மேலாளர் ஒருவர் ஒர்க்மேன் அல்ல என்று சொல்லப்பட்டது. கடையின் முழுப்பொறுப்பும் அவர் கையில் இருந்ததால்.

நம் நண்பர் லீவு சீட்டில் போட்ட கையெழுத்து "சிபாரிசு செய்கிறேன்" என்ற வரிக்குக் கீழே. "அனுமதிக்கிறேன்" என்ற வரியில் மேனேஜர் கையெழுத்து இருந்தது. அதோடு எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் தானே லேத்தில் நின்றதற்கு லாக் ஷீட் நகல்களை வைத்திருந்தார். அவர் மனைவி அரிசி டின்னுக்குள் போட்டுப் பத்திரப்படுத்தியவை. ஒர்க்மேன்தான் என்று தீர்ப்பு வர ஏழு வருடமாயிற்று. வேலை திரும்பக் கிடைக்கவில்லை, நஷ்ட ஈடு கிடைத்தது. அதற்குள் அவர் பொன்னேரியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வல்லூர் பக்கம் நிலைமையே வேறு. அனல்மின் நிலையம் மூன்று 500 மெகாவாட் யூனிட்டுகளோடு வந்தபின் ஊர் முகமே மாறிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் இளைஞர்கள் பலர் கான்ட்ராக்ட் வேலைக்குத்தான் போகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு கான்ட்ராக்டரிடம் "சைட் சூப்பர்வைசர்". அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். பிரமோஷன் என்று இனிப்புக் கொண்டுவந்தான். யார் லீவு கொடுப்பது என்று கேட்டேன். வாட்ஸப்பில் மேனேஜருக்கு அனுப்புவேன், அவர் ஓகே போடுவார் என்றான். நீ கையால் வேலை செய்வாயா என்றேன். ஆள் குறைந்தால் நான்தான் வெல்டிங் அடிப்பேன், வாரத்தில் ஐந்து நாள் ஆள் குறைவுதான் என்றான். அந்த நாள்களின் வேலைத் தாளையெல்லாம் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள் என்றேன்.

"கேட்டிலேயே மொபைலை வாங்கி வெச்சுக்கிறாங்க அங்கிள்" என்றான். அப்படியானால் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை என்று சொல்லி, மேசையில் கிடந்த பழைய டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.