கல்லையும் கற்ற போதகர்: ஸ்டீபன் ஹிஸ்லாப்

இராசிபுரத்தில் நின்று போதமலையை நோக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், "சேலம் வட்டாரப் பாறைகளுள் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையனவாமே, ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் என்னவாயின, ஐயா?" எனத் தன் ஆயரை வினவினால், நாம் யாது விடை பகர்வோம்?

அருள்திரு ஸ்டீபன் ஹிஸ்லாப்பின் (1817–1863) வாழ்வு இங்கே நமக்குத் துணையாகும். ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் மிஷனெரியாக 1844இல் இந்தியா வந்த அவர், நாகபுரியில் பள்ளி நிறுவி நற்செய்தி அறிவித்தார். அதனோடு, உடன் ஊழியர் ராபர்ட் ஹன்டருடன் அவ்வட்டாரத்துப் புதைபடிவங்களைத் திரட்டினார். அவர்தம் ஆய்வுரை 1855இல் லண்டன் நிலவியல் கழக இதழில் வெளிவந்தது. மாண்டொழிந்த உயிரினங்களின் சுவடுகளை அவர் மறைக்கவுமில்லை. அவற்றின்பொருட்டு ஊழியத்தைக் கைவிடவுமில்லை. டார்வினின் நூல் 1859இல் வெளியாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப்பின், தாகல்காட் கல்வட்டங்களைக் கண்டு திரும்புகையில் ஹிஸ்லாப் வெள்ளத்தில் மாண்டார்.

பரிணாமம் பற்றிய பெரும் வாதம் அவர் காலத்துக்குப் பின்னரே முற்றியது. எனினும், அதனை எதிர்கொள்ள வேண்டிய மனப்பாங்கை அவரிடம் காண்கிறோம். படைத்தவர் யார் என்பதை ஆதியாகமம் அறிவிக்கிறது. படைப்பின் கால நீட்சியைப் பாறை பேசுகிறது. வினவும் மாணவனின் வாயை அடைப்போமாயின், பாறையை அல்ல, அவனையே இழப்போம்.