வன்னிப் பெண்ணும் மணமுறிவுச் சட்டமும்

முள்ளிவாய்க்காலில் கணவனிடம் அடிபட்ட பெண்ணொருத்தி மணமுறிவு கோரின், அவள் முதலில் எதிர்கொள்வது 1907இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தையாகும். தேசவழமை வடமாகாணத் தமிழரின் சொத்துறவுகளையே பெரிதும் நெறிப்படுத்துவது. மணமுறிவு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த காரணங்கள் மூன்று: சோரம், தீய நோக்குடன் கைவிடல், மணவேளையிலேயே இருந்த தீராத மலட்டுத்தன்மையன்று, தீராத புணர்ச்சி இயலாமை. அடித்தல் இவற்றுள் இல்லை. குடும்பத்தைச் சொத்தின் காப்பகமாகக் கண்ட சட்டத்தில் இது தற்செயலான விடுபாடென நாம் கருதவில்லை.

கொடுமை தாங்காது மனைவி வெளியேறினால், கைவிட்டவன் கணவனே எனக் கொள்வது நீதிமன்றங்கள் கண்ட வழி. ஆகவே தாக்குதல் குற்றச்சாட்டுத் தானாக மணத்தை முறிப்பதில்லை. கைவிடலை நிறுவும் சான்றாகவே நிற்கும். பொலிஸ் முறைப்பாடும் மருத்துவ அறிக்கையும் பெறுமதி பெறுவது இதனாலேயே.

பிள்ளைகளின் கட்டுக்காப்பில் உரோமன்-டச்சுச் சட்டம் தந்தைக்கே முன்னுரிமை அளித்தது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்தெனக் காட்டினாலன்றி அது எளிதில் அசையவில்லை. பிள்ளையின் நலனே முதன்மையென்ற கொள்கை பின்னரே வலுப்பெற்றது. தாயை அடிப்பவன் பிள்ளைக்கும் ஆபத்தானவனா? வழக்கு இவ்வினாவிலேயே தங்கியிருக்கிறது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதவான் நீதிமன்றத்தினூடாகப் பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளைக்கு வழிசெய்தது. அப்போது முள்ளிவாய்க்கால் விடுதலைப் புலிகளின் ஆட்சிப்பரப்பில் இருந்தது. அங்கே அவர்களுடைய நீதிமன்றங்களே இயங்கின. 2009 மே மாதத்துக்குப் பின்னரே இச்சட்டம் அம்மண்ணை எட்டியது. இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தோர் பலர். போரின் இறுதியாண்டுகளில், கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி அவசரமாக நடந்த மணங்களும் இருந்தன. அத்தகைய பெண், அடிபட்டதைக் காட்டுமுன் மணமானதையே நிறுவ வேண்டியவளானாள்.