சவானா மில்லும் மூன்று பார்வைகளும்

எங்கள் இடையஞ்சாவடிக்கும் புதுச்சேரிக்கும் இடையே சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனால் ஒரு காலத்தில் நடுவே எல்லை இருந்தது. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. இங்கே 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. அங்கே மில் தொழிலாளியின் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது.

சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று மில்கள். எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டு வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம்தான் பாரிசில் லியோன் புளூம் அரசு, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரையும் முதலாளிகளையும் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டிருந்தது. அதே அரசின் கொடிதான் இங்கேயும் பறந்தது.

இந்தச் சம்பவத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் மூன்று விதமாகப் பேசி நான் கேட்டிருக்கிறேன். "முதலாளி தகப்பன் மாதிரி, சங்கம் வந்துதான் கெடுத்தது" என்பார் ஒருவர். "முதலாளியும் தொழிலாளியும் என்றைக்கும் ஒன்றாக முடியாது" என்பார் இன்னொருவர். "சண்டை வரத்தான் செய்யும், பேசித் தீர்க்க வழி வேண்டும்" என்பார் மூன்றாமவர். 1966-ல் ஆலன் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் பிரித்து எழுதினார். இரண்டாவதைப் பின்னாளில் சேர்த்துக்கொண்டார். நம் பெரியவர்கள் அவரைப் படித்தவர்கள் இல்லை.

என் வேலைக்காலத்தில் நானும் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவன். மூன்றாவது பார்வையே எனக்குப் பிடித்தது. ஆனால் சவானா வேறொன்றும் சொல்கிறது. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. பேச்சுக்கு மேசை போட்டார்கள், உண்மைதான். அந்த மேசையைப் போடவைத்தது பன்னிரண்டு உயிர்.

அந்த மில்களில் இன்று சங்கு ஊதுவதில்லை. ரோடியர் மில், ஏ.எஃப்.டி. என்ற பெயரில் கடைசிவரை இழுத்துப் பிடித்து 2020-ல் மூடப்பட்டது. ஜூலை 30-ல் மாலை போடுகிறோம், நல்லதுதான். அப்படியே வடக்கே மரக்காணம் உப்பளத்தையும் திரும்பிப் பாருங்கள். விடியுமுன் வரப்பில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கு மழைக்காலம் வந்தால் வேலை இல்லை. அவர்கள் குறையைச் சொல்ல ஒரு மேசை போட்டிருக்கிறோமா?