சுரங்கத்துக்கு முன் துளைகள்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நெய்வேலி நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. உடனே யாரும் மண்வெட்டியைத் தூக்கிவிடவில்லை. 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. பின்னர் பொறியாளர் எச்.கே.கோஷ் தேடலை விரிவாக்கினார்.

துளைகள் சொன்னதில் பாதி நல்ல செய்தி: சுமார் 200 கோடி டன் பழுப்பு நிலக்கரி.

மீதிதான் வயிற்றைக் கலக்கியது. கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை அப்படியே அகற்றினால் அடித்தரை பிளந்து குழி ஏரியாகிவிடும். அதனால் 1953இல் முதலில் ஒரு சோதனைக் குழி. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்தால் அழுத்தம் தணியும் என்பதே கிடைத்த விடை. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தந்தது.

1956இல் நெய்வேலிச் சுரங்கத்துக்கான நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி தென்பட்டது. பம்புகள் இன்னும் ஓய்வெடுக்கவில்லை. சுற்றுக் கிராமங்களின் நீர்மட்டம் பற்றிய வாதமும்தான்.