நீலத் துணியின் கீர்த்தி

வைத்திக்குப்பம் என்றதும், மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலான உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரையே நம்மவர் நினைவுக்கு வரும். ஆயினும் இக்குப்பத்தைத் தன்னகத்தே கொண்ட புதுச்சேரியின் கீர்த்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழையே கேட்டறியாத மேற்கு ஆப்பிரிக்க ஜனங்களிடையே ஒரு துணியின் வாயிலாகப் பரவியிருந்தது என்பதைப் பலர் அறியார்.

பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்று வழங்கிய அந்தத் துணி, அவுரிச் சாயத்தில் தோய்ந்து, படகேறிக் கப்பலை அடைந்து, செனகல் நதிக்கரையில் உடையாகவும், பிசின் வியாபாரத்தில் நாணயமாகவும் புழங்கிற்று. அங்கிருந்த மூர் வர்த்தகர் அதன் நெருக்கத்தை விரலால் தடவியும், மினுமினுப்பைக் கண்ணால் அளந்தும், சாயத்தின் வாசனையை முகர்ந்துமே அதனை ஏற்றனர். ஐரோப்பிய ஆலைகள் மலிவாகச் செய்தனுப்பிய போலிகளால் அந்த நம்பிக்கையை எளிதில் கவர இயலவில்லை. 1843-இல் பிரெஞ்சு அரசாங்கம் தரத்தைச் சோதித்து முத்திரையிட விதி வகுத்ததும் இந்த நற்பெயரைக் காக்கவே.

வானொலி இல்லாத அக்காலத்தில், கைத்திறனே விளம்பரமாயிற்று. ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டில் இதே நீலத் துணி, மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கவும் பயன்பட்டது என்பதை மறைத்தல் தகாது. ஒரு சரக்கின் நற்பெயர் அதன் தரத்துக்குச் சாட்சியாகலாம். அதனைக் கொண்டு நடந்த வர்த்தகத்தின் தர்மத்துக்குச் சாட்சியாகாது. முத்திரையைக் கண்டு மயங்கும் எக்காலத்து ஜனங்களும், நெய்தவர் யார், ஆதாயம் பெற்றவர் யார், துன்புற்றவர் யார் என்று விசாரித்தறிவது அவசியமாகும்.